வராதவர்களுக்கு விட்ட இடம்

நொச்சிகுளத்தில் கல்யாண போட்டோவுக்கு என்று ஒரு முறை இருந்தது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் இரண்டு பக்கமும் பெரியவர்களை உட்கார வைத்து, பின்னால் மாமன் மச்சான்களை உயர வரிசையில் நிறுத்தி, முன்னால் பிள்ளைகளைச் சம்மணம் போடச் சொல்லி, எல்லாரும் முந்தானையையும் துண்டையும் சரிசெய்து முடித்த பிறகு, கூட்டத்தில் யாராவது ஒருவர் "இடம் விட்டாச்சா?" என்று கேட்பார், உடனே எல்லாரும் ஓர் ஆள் அகலத்துக்கு விலகி நிற்பார்கள், அந்த ஓர் ஆள் அகலத்தில், கல்யாணத்துக்கு வர முடியாமல் போன ஆள், குவைத்தில் இருந்தாலும் சரி, குஜராத்தில் இருந்தாலும் சரி, படத்தில் வந்து நிற்பார். நேரில் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டார். ஆல்பத்தைப் பிரித்தால் பெரியப்பாவுக்கும் சித்திக்கும் நடுவில் இருப்பார். ஊர்க்காரர்கள் "வந்துட்டானா, நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள்.

இது எல்லாக் கேமராவிலும் நடக்கவில்லை. திருமலை ஸ்டூடியோ குற்றாலிங்கத்திடம் இருந்த ஒரே ஒரு பழைய டிஜிட்டல் கேமராவில்தான் நடந்தது. பதின்மூன்று வருஷத்துக்கு முன் திருநெல்வேலியில் வாங்கியது. பன்னிரண்டு மெகாபிக்சல். கை பிடிக்கும் இடத்து ரப்பர் உரிந்து, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனால் ஒட்டியிருந்தது. பின்பக்கத் திரையின் ஓரத்தில் ஒரு விரிசல். மழைக்காலத்தில் ஃப்ளாஷ் தனக்கு இஷ்டமிருந்தால் எரியும். வாங்கிய புதிதில் ஊரே வாய் பிளந்து பார்த்த கேமராதான். இப்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் செல்போன் அதைவிடத் தெளிவாக எடுத்தது. ஆகவே புதுக் கேமரா வாங்கலாமா வேண்டாமா என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு குற்றாலிங்கம் மூன்று மாதமாக இருப்புக் கொள்ளாமல் அலைந்தார்.

மனுஷன் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. காலையில் கடை திறந்து சாம்பிராணி காட்டியதும் செல்போனை எடுத்து, புதுக் கேமராவைப் பற்றித் தாடிக்காரர் ஒருவர் பேசுகிற வீடியோவைப் போடுவார். தாடிக்காரர் 'கண்ணை மூடிட்டு வாங்கலாம்' என்றதும் மனசு இந்தப் பக்கம் சாயும். அடுத்த வீடியோவில் கண்ணாடி போட்ட ஒருத்தர் 'ஆறு மாசம் பொறுத்தா இதைவிட நல்ல மாடல் வருது' என்றதும் அந்தப் பக்கம் சாயும். ரசஞ்சோறு பிசையும்போதும் பார்ப்பார், குளத்தங்கரையில் நடக்கும்போதும் பார்ப்பார். இணையக் கடையின் கூடையில் கேமராவைப் போடுவார், எடுப்பார், மறுபடி போடுவார். உட்கார்ந்த இடத்தில் அவருடைய வலது கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும்.

"அந்தக் காலை ஆட்டாதிய. மேசை ஆடுது, தண்ணி சிந்துது," என்பாள் அவர் மனைவி உலகம்மாள். "வாங்குததா இருந்தா வாங்குங்க. இல்லன்னா விட்டுத் தொலைங்க. ரெண்டுங்கெட்டானா இன்னும் எத்தன நாளைக்கு?"

"வாங்கினா இது போயிரும்லா," என்பார் அவர்.

அதுதான் சிக்கல். திருநெல்வேலிக் கடையில் எக்ஸ்சேஞ்ச் போட்டிருந்தார்கள். ஓடுகிற கேமராவாக இருந்தால் போதும், எவ்வளவு பழசாக இருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள். பழசைக் கொடுத்தால்தான் புதுசு அவர் கைக்கு எட்டும். வாங்காமல் இருந்தாலோ தொழில் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. காலேஜ் படித்த பெண்கள் தென்காசியிலிருந்து ட்ரோன் விடுகிற பையன்களைக் கூட்டி வந்தார்கள். மண்டபத்தின் மங்கலான வெளிச்சத்தில் பழைய கேமரா எடுத்த முகங்களில் ரவை தூவினாற்போலப் புள்ளி விழுந்தது. ஒரே வீட்டிலிருந்து அம்மா வந்து "அண்ணாச்சி, குரூப் போட்டோ உங்க கேமராதான்" என்று சொல்லிவிட்டுப் போவாள். பின்னாலேயே மகள் வந்து "அங்கிள், அம்மா ஏதாச்சும் சொன்னா தலையை மட்டும் ஆட்டிருங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். குற்றாலிங்கம் இரண்டு பேருக்கும் தலையை ஆட்டுவார்.

முதல் முதலாக அது நடந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால், ஆவணி பத்தொன்பதாம் தேதி, உரக்கடை சண்முகையா வீட்டுக் கல்யாணத்தில். சண்முகையாவின் தம்பி மாடசாமி சவூதியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. குரூப் போட்டோவுக்கு நிற்கும்போது சண்முகையா தன் வலப்பக்கத்தில் யாரையும் நிற்க விடவில்லை. "என் தம்பி நிக்க வேண்டிய இடம். காலியாக் கிடக்கட்டும்," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குற்றாலிங்கமும் எடுத்தார். பத்து நாள் கழித்து ஆல்பம் வந்தது. சண்முகையாவின் வலப்பக்கத்தில் மாடசாமி, கம்பெனிச் சட்டை, கையில் லாரிச் சாவி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

சண்முகையா ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "கல்யாணத்துக்கு வாரவன் ஒரு வேட்டி கட்டிட்டு வரக் கூடாதா?" என்று கேட்டார்.

போன் போட்டு மாடசாமியையும் அதையே கேட்டார். மாடசாமிக்கு வேறு கவலை. அதே நாள், அதே நேரத்தில் அவருடைய கம்பெனியில் எல்லா டிரைவர்களையும் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார்கள். இரண்டாம் வரிசையில் ஒரு பாகிஸ்தான்காரருக்கும் ஒரு நேபாளத்துக்காரருக்கும் நடுவில்தான் நின்றாராம்; படத்தில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சுவர்தான் தெரிந்ததாம். "சூப்பர்வைசர் எனக்கு ஆப்சென்ட் போட்டுட்டான்ணே," என்று புலம்பினார். "நீ இங்கல்லா நின்ன, அவன் ஆப்சென்ட் போட்டது நியாயந்தான்," என்று சண்முகையா தீர்ப்புச் சொல்லி போனை வைத்தார்.

அதன் பிறகு ஊர் அதைத் தனக்குத் தோதாகத் திருத்தி எடுத்துக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையின் அடியில், 'வர இயலாத உறவினர்கள் முகூர்த்த நேரத்தில் நல்ல உடை உடுத்தி இருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்' என்று ஒரு வரி ஏறியது; துபாயில் பெயின்ட் அடிக்கிறவர்கள் ஊர்க் கணக்கில் ஒன்பதரை மணிக்கு ஏணியிலிருந்து இறங்கி, தலை சீவி, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் சும்மா நின்றார்கள்; படத்தில் வந்தவருக்கு இலை போடலாமா கூடாதா என்று ஒரு சர்ச்சை எழுந்து, இனிப்பும் உப்பும் மட்டும் வைத்து ஓர் இலை போடுவது என்று முடிவானது; ஆதார் அட்டைக்குப் படம் எடுக்கப் போன ஆள்கள் கம்ப்யூட்டரில் தெரியாமல் வெறும் நாற்காலி மட்டும் தெரிந்தால், அங்கே வேலை பார்க்கிற பெண் சலிப்போடு, "உங்க சொந்தத்துல எங்கயோ கல்யாணம் நடக்குது, பத்தரைக்கு மேல வாங்க" என்று சொல்லி அனுப்பினாள். நேரில் வரக் கூடியவர்களும், படத்தில்தான் வந்துவிடுகிறோமே என்று, கொஞ்சம் கொஞ்சமாக ரயில் டிக்கெட் போடுவதை விட்டார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமனே மதுரையில் இருந்துகொண்டு படத்தில் மட்டும் வந்துவிட்டுப் போனார்.

இழுப்பது யார் என்பதில்தான் ஊர் இரண்டுபட்டது. டெய்லர் காதர் மைதீன் கடையில் தினமும் இந்த வழக்கு நடக்கும். கூப்பிடுகிறவன் மனசுதான் இழுக்கிறது என்பது சண்முகையா கட்சி. "நான் அழுதேன், என் தம்பி வந்தான்," என்பார்.

"அழுத உடனே வர அவன் என்ன மினிபஸ்ஸா வே?" என்று காதர் மைதீன் தையல் மிஷினை நிறுத்தாமல் கேட்பார். "வாரவன் மனசு கிளம்பணும். ஆளு எங்க இருந்தா என்ன, மனசு எங்க நிக்கோ அங்கதான் அந்தக் கேமரா எழுதும்."

குற்றாலிங்கம் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவருக்கு இரண்டு கட்சிக்கும் தெரியாத ஒன்று தெரியும். விட்ட இடம் எல்லாமே நிறைந்துவிடுவதில்லை. ஆசையாக இடம் விட்டு நிற்பார்கள், இவர் பட்டனை அமுக்கிவிட்டுப் பின்பக்கத் திரையைப் பார்த்தால் இடம் வெறுமனே கிடக்கும். ஒரு தடவை, சென்னையில் இருக்கிற புருஷனுக்கு இடம் விட்டு ஒரு பெண் சிரித்துக்கொண்டு நின்றாள், அவன் வரவில்லை. அப்போதெல்லாம் குற்றாலிங்கம், "யாரோ கண்ணை மூடிட்டாங்க, இன்னொண்ணு எடுத்துருவோம்," என்பார். பிறகு, "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, இன்னும் கொஞ்சம், தோளோட தோள்," என்று சொல்லிச் சொல்லி, அவர்களுக்கே தெரியாமல் அந்த இடத்தை மூடிவிட்டு எடுப்பார். முதல் படத்தை அழித்துவிடுவார். அந்தப் பெண் ஆல்பத்தைப் பார்த்து, "நாமதான் இடம் விட மறந்துட்டோம் போல," என்று தன்னையே நொந்துகொண்டாள். இப்படிப் பதினேழு வெற்றிடங்கள் அவருக்கு மட்டும் தெரியும். பதினேழு வீட்டுக்காரர்களும் தெருவில் எதிரே வந்தால் அவர் செல்போனைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொள்வார்.

பதினெட்டாவது அவருடைய வீடாக இருந்துவிடுமோ என்பதுதான் அவருடைய பயம்.

ஒரே மகள், நித்யகல்யாணி. கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்த்த செல்வின் என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். குற்றாலிங்கம் கத்தவில்லை, கும்பிட்டு அழவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஒரு நாள் அவளே போன் செய்தாள். "அப்பா, ரிஜிஸ்டர் ஆபீஸ்லதான் வச்சிருக்கோம். ஆவணி பத்தொன்பது. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். வந்து படம் மட்டும் எடுத்தாப் போதும்."

அவர் டைரியைப் புரட்டினார். "அன்னைக்கு எனக்கு வேற முகூர்த்தம் இருக்கு," என்றார்.

அது பொய்யில்லை. சண்முகையா வீட்டுக் கல்யாணம் அன்றைக்குத்தான். ஆனால் தென்காசியில் கூப்பிட்ட குரலுக்கு வருகிற போட்டோகிராபர்கள் நாலு பேர் இருந்தார்கள். யாரை வேண்டுமானாலும் சண்முகையா வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அது அவருக்கும் தெரியும், போனுக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கும் தெரியும். அவள் "சரிப்பா" என்று சொல்லி வைத்தாள். நாலாயிரம் கல்யாணம் எடுத்த மனுஷனுடைய மகள் கல்யாணத்தை ஆபீஸ் தோழி ஒருத்தி செல்போனில் எடுத்தாள். அந்தப் படத்தை அவர் இன்றுவரை பார்க்கவில்லை. ஆறு வருஷத்தில் அவள் அவருக்குப் போன் செய்யவில்லை, அவரும் செய்யவில்லை.

ஊருக்கெல்லாம் இடம் விட்டுப் படம் எடுத்தவர் தன் வீட்டுக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளவில்லை. உலகம்மாள் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். "நான் படம் எடுக்கிறவன் உலகு, படத்துல நிக்கிறவன் இல்ல," என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். இடம் வெறுமனே கிடந்தால், சண்முகையா சொல்கிறபடி தன் மனசில் ஈரம் இல்லை என்று ஆகும். காதர் மைதீன் சொல்கிறபடி மகள் மனசில் தான் இல்லை என்று ஆகும். இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் அவரால் தாங்க முடியாது. எடுக்காமல் இருக்கிறவரைக்கும் இரண்டும் பொய்தான். அந்தக் கேமரா கையில் இருக்கிறவரைக்கும் என்றைக்காவது எடுக்கலாம். புதுசு வாங்கிவிட்டால் அந்த என்றைக்காவதும் போய்விடும். தாடிக்காரரும் கண்ணாடிக்காரரும் இந்த விஷயத்தைப் பற்றி ஒரு வீடியோவும் போடவில்லை.

எக்ஸ்சேஞ்ச் சனிக்கிழமையோடு முடிகிறது என்று மெசேஜ் வந்ததும், செவ்வாய்க்கிழமை அவர் சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று திருநெல்வேலிக்குப் போனார். கடையில் சீருடை போட்ட ஒரு பெண் புதுக் கேமராவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கைக்கு அடக்கமாக இருந்தது. ரப்பர் புதுச் செருப்பு வாசனை அடித்தது.

"மிரர்லெஸ் சார். இருட்டுலயும் பளிச்சுன்னு எடுக்கும். ஆள் எங்க இருந்தாலும் கண்ணைத் தேடிப் பிடிச்சுக்கிடும். பச்சைக் கட்டம் வருது பாருங்க."

வந்தது. அவள் கண்ணில் பச்சைக் கட்டம் உட்கார்ந்தது. அவள் நடந்தால் கூடவே நடந்தது. குற்றாலிங்கம் கேமராவை ஒரு காலி நாற்காலிக்கு நேரே திருப்பினார். பச்சைக் கட்டம் நாற்காலியின் மேலேயும் கீழேயும் கொஞ்ச நேரம் தேடியது. ஒன்றும் கிடைக்காமல், சுவரில் இருந்த காலண்டர் முருகனின் கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது.

"வராதவங்களைப் பிடிக்குமாம்மா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் நொச்சிகுளத்துப் பக்கம் சொந்தக்காரர்கள் உள்ளவள் போலும். கொஞ்சமும் திகைக்காமல், "இப்போதைக்கு அந்த ஆப்ஷன் இல்ல சார். அப்டேட்ல வந்தாலும் வரும்," என்றாள்.

அவர் கேமராவை வைத்துவிட்டு வந்துவிட்டார். பஸ்ஸில் வரும்போது கால் ஆடிய ஆட்டத்தில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

இவர் கடைக்குப் போன செய்தி இவருக்கு முன்னால் ஊருக்கு வந்திருந்தது. புதன்கிழமை சண்முகையா இருபது பேரைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். "குத்தாலம், அந்தக் கேமரா உம்முடையது மட்டும் இல்ல. ஊரு சனத்துல பாதி வெளிய கிடக்கு. நீரு அதைக் கொடுத்துட்டா அவங்க எல்லாம் எப்படி வருவாங்க?"

"ரயில்ல வரட்டும்," என்றார் காதர் மைதீன், கூட்டத்தின் பின்னாலிருந்து.

அவர் எதற்கு வந்தார் என்று எல்லாரும் முறைத்தார்கள். வாக்குக் கொடுத்தால்தான் போவோம் என்று உட்கார்ந்த கூட்டத்துக்கு டீ வாங்கிக் கொடுத்து, வாக்குக் கொடுக்காமல் அனுப்பி வைப்பதற்குள் குற்றாலிங்கத்துக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வியாழக்கிழமை, அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருந்த பால்பண்ணை வீட்டுப் பெண் மகிஷா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அங்கிள், புதுசு வாங்கிருங்க, ப்ளீஸ். எங்க அம்மா சும்மா பெங்களூர்ச் சித்தப்பாவுக்குன்னு இடம் விடுவாங்க. அதுல சித்தப்பா வர மாட்டாங்க, வேற யாரு வந்து நிப்பாங்கன்னு எனக்குத் தெரியும். வராதவங்க வராமயே இருக்கட்டும் அங்கிள்."

அவள் கண் கலங்கியிருந்தது. குற்றாலிங்கம் இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. "பாத்துக்கிடுதேன் தாயி," என்று மட்டும் சொன்னார். அவள் போன பிறகு, இப்படி ஒரு தொல்லை பிடித்த சாமானை ஆறு வருஷமாகத் துணியில் சுற்றிச் சுற்றிப் பாதுகாத்தோமே என்று முதல் முறையாக அவருக்கு எரிச்சல் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டைக் கொண்டுவந்த உலகம்மாள் தூக்குச்சட்டியைத் திறக்கவில்லை. முகம் கழுவி, பூ வைத்து, பச்சைக் கரை போட்ட சேலை கட்டி வந்திருந்தாள். ஸ்டூடியோவின் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளையும் திரைக்கு முன்னால் வரிசையாகப் போட்டாள்.

"கொடுப்பியளோ வைப்பியளோ, அது உங்க பாடு. நாளைக்குக் கடைசி நாளு. இன்னைக்கு நாம ரெண்டு பேரும் ஒரு படம் எடுக்கணும். நடுவுல இடம் விட்டு."

"உலகு, வேண்டாம். காலியா விழுந்துச்சுன்னா?"

"விழட்டும். காலியா இருக்குன்னு தெரிஞ்சாலாவது உங்க காலு ஆடுதது நிக்கும்."

அவர் மூன்று தடவை லென்ஸைத் துடைத்தார். ட்ரைபாடின் கால்களை ஏற்றி இறக்கினார். லைட் சரியில்லை என்றார். கரண்ட் போகப் போகிறது என்றார். உலகம்மாள் இடது ஓர நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கையை வைத்து, நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் டைமரைப் பத்து விநாடிக்கு வைத்துப் பட்டனை அமுக்கிவிட்டு, ஓடி வந்து வலது ஓர நாற்காலியில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை நாற்காலிக் கையில் போட்டார். நடு நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக லென்ஸையே பார்த்தார். கேமராவின் சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கி வேகம் எடுத்தது. நித்யா, என்று மனசுக்குள் கூப்பிட்டார். ஷட்டர் விழுந்தது.

அவர் எழுந்து போய்ப் பின்பக்கத் திரையைப் பார்த்தார். விரிசலுக்கு இந்தப் பக்கம் உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள். நடு நாற்காலி காலியாக இருந்தது. நித்யா வரவில்லை.

பிறகுதான் அவர் அதைக் கவனித்தார். வலது ஓர நாற்காலியும் காலியாக இருந்தது. அதன் கையில் அவருடைய துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியில் அவர் இல்லை.

டைமர் முந்திவிட்டது என்று நினைத்தார். மறுபடி எடுத்தார். நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி உட்கார்ந்தார். அந்தப் படத்திலும் அவர் இல்லை. மூன்றாவது படம் எடுத்தார். அதில் துண்டும் இல்லை.

"உலகு, மிஷின் போச்சு," என்றார். "என்னையே எடுக்க மாட்டேங்குது."

உலகம்மாள் எழுந்து வந்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு மூன்று படத்தையும் பார்த்தாள். அவளுக்குக் கொஞ்சமும் ஆச்சரியம் இல்லை.

"மிஷினுக்கு ஒண்ணும் இல்ல. அவ வரல. அவ ஏன் வரணும்? நீங்கதான் போயிருக்கிய."

"எங்க?"

"எங்கயா? ஆவணி பத்தொன்பதுல இருந்து நீங்க இங்க இருந்தியளா? அன்னைக்குத்தானே இந்தக் கூத்தே ஆரம்பிச்சுது."

அவர் மூன்று படத்தையும் மறுபடி தள்ளிப் பார்த்தார். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்பதுபோல் கேட்டார்: "அப்ப நீ மட்டும் எப்படிப் படத்துல இருக்க? உனக்கு அவ மேல பாசம் இல்லயா?"

"நான் ஏன் காணாமப் போகணும்? நான்தான் நேர்லயே போயிட்டு வாரேனே," என்றாள் உலகம்மாள். "வருசத்துக்கு ரெண்டு தடவை அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொல்லுதேன்லா, எங்க அக்கா வீடு என்ன கோயம்புத்தூர் சிங்காநல்லூர்லயா இருக்கு? பேத்திக்கு ரெண்டரை வயசு ஆகுது. உங்க மூக்கு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க கேக்கல."

குற்றாலிங்கம் காலி நாற்காலியில், படத்தில் அவர் இல்லாத அந்த நாற்காலியில், போய் உட்கார்ந்து, துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார். உலகம்மாள் அழ விட்டாள். பிறகு தூக்குச்சட்டியைத் திறந்து சோற்றை வைத்தாள். அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை அவருடைய கால் ஆடவில்லை. அதை அவள்தான் கவனித்தாள்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் திருநெல்வேலிக்குப் போனார்கள். கடையில் அவர் பழைய கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேமராவைச் சுற்றியிருந்த துணியோடு மேசைமேல் வைத்தார். சீருடைப் பெண் அதை ஒரு தடவை கிளிக் செய்து பார்த்து, "ஓடுது சார்," என்றாள். அது எங்கே போகும், யார் கையில் கிடைக்கும் என்று அவர் கேட்கவில்லை.

நொச்சிகுளம் அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. சண்முகையா தெருவில் எதிரே வந்தால் காறித் துப்புவதற்கு ஒரு ஓரம் தேடினார். கல்யாணங்களில் மக்கள் பழக்கத்தில் இடம் விட்டு நின்றார்கள். புதுக் கேமரா அந்த இடத்தில் மண்டபத்துச் சுவரையும், சுவரில் இருந்த சுவிட்ச் போர்டையும் பளிச்சென்று எடுத்தது. தை மாதம் பிறந்தபோது பத்திரிகையிலிருந்து அந்த ஒரு வரி உதிர்ந்துபோயிற்று. வர நினைத்தவர்கள் லீவு கேட்டுச் சண்டை போட்டு, பெட்டி கட்டி, ரயிலேறி, தூங்காத கண்ணோடு வந்து சேர்ந்தார்கள். மாடசாமி ஏழு வருஷத்துக்குப் பிறகு வேட்டி கட்டி வந்து நின்றபோது, சண்முகையா அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "படத்துல இவ்வளவு நரை தெரியலயே டே," என்றார். வராதவர்கள் வரவில்லை. மகிஷாவின் கல்யாணப் படத்தில் மகிஷா அழகாக இருந்தாள்.

ஆனால் இதெல்லாம் பிற்பாடு. அந்தச் சனிக்கிழமை, திருநெல்வேலியிலிருந்து நேரே கோயம்புத்தூருக்கு ஏறியவர்கள், விளக்கு வைக்கிற நேரத்தில் சிங்காநல்லூரில் ஒரு மாடி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நித்யா திறந்தாள். அம்மாவைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள், பின்னால் தோள்பையோடு நின்றவரைப் பார்த்ததும் நிறுத்தினாள். கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. நெற்றியில் அவருக்குத் தெரியாத ஒரு தழும்பு இருந்தது. குற்றாலிங்கம் பஸ்ஸில் பத்து மணி நேரம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"டேட் இப்பதான் கிடைச்சுது தாயி," என்றார்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவருக்குத் தெரியாது. பிறகு ஓர் ஆள் அகலத்துக்கு விலகி நின்றாள்.

மறுநாள் காலையில் செல்வினையும் நித்யாவையும் குழந்தையையும் உலகம்மாளையும் மொட்டைமாடியில் நிறுத்தி, அவர் கேமராவைக் கண்ணுக்கு எடுத்தார். பச்சைக் கட்டம் ஒவ்வொரு கண்ணாகத் தேடி உட்கார்ந்தது. "நீங்களும் வாங்கப்பா," என்றாள் நித்யா. நான் படம் எடுக்கிறவன் என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல், துணி காயப்போட வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேமராவைக் கொடுத்து, பட்டனைக் காட்டிவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அந்த அம்மா கேமராவைத் தலைகீழாகப் பிடித்து, பிறகு நேராகப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க," என்றார்.

குற்றாலிங்கம் நெருங்கி நின்றார்.

படம் கோணலாக விழுந்திருந்தது. செல்வினுக்குப் பாதி நெற்றி இல்லை. குழந்தை வேறு எங்கோ பார்த்தது. ஆனால் அந்தப் படத்தில் எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்கள்.